பின்வரிசைக் குடும்பம்

(சபை ஆண்டுவிழா வாரத்தின் குடும்ப ஞாயிறன்று, ஆராதனைக்குப் பின் ஞாயிறு பள்ளியின் முன்னாள் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்த வேலை சிறியது. நம் சபையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளம் குடும்பத்தை அறிமுகம் செய்ய வேண்டும், இரண்டு நிமிடம் போதும் என்றார் செயலாளர். அவர்களை உங்களுக்கு அறிமுகம் செய்ய இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும். உங்களை அவர்களுக்கு யார் அறிமுகம் செய்வது என்று கேட்டேன். அதன்பின் இருபது நிமிடம் கிடைத்தது. கீழே மீ ஹூனும் தே தாரிக்கும் தயாராக இருப்பது எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, தங்கச்சி, எழுந்து நில்லுங்கள். பெயரை நீங்களே சொல்லுங்கள். (நால்வரின் பெயர்களையும் தம்பி சொன்னார். சபையார் கைதட்டினர்.) நன்றி. உட்காரலாம். தம்பி பேராக்கில் பிறந்தவர். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தங்கச்சி வேறொரு சபையில் வளர்ந்தவர், கைதட்டிப் பாடி, நீண்ட நேரம் ஜெபிக்கிற சபை அது. பாப்பாவுக்கு ஆறு வயது. தம்பிப் பாப்பாவுக்கு நான்கு மாதம். அவனுக்கு அடுத்த ஞாயிறு இங்கே ஞானஸ்நானம்.

இவர்கள் பல மாதங்களாகவே நம்மோடு ஆராதிக்கிறார்கள். உங்களில் பலருக்கு இன்றுதான் பெயர் தெரிகிறது. காரணம், கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில், தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்தி குறைவால் பின்னால் உட்காரவில்லை. குழந்தை அழுதால் யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியே போக அதுதான் வசதி. ஆசீர்வாதம் கூறி முடித்ததும் குழந்தைக்குப் பசி, கிளம்பிவிடுவார்கள். நாம் படியிறங்கிக் கைகுலுக்க வருவதற்குள் கார் போயிருக்கும். இப்படி வந்து, இப்படியே போய், ஒருநாள் வராமலே நின்றுவிட்ட குடும்பங்கள் எத்தனை என்று ஞாயிறு பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். நான் புரட்டியிருக்கிறேன். அதனால்தான் இருபது நிமிடம் கேட்டேன்.

இனி இந்தக் குடும்பத்தோடு பேசுகிறேன். மற்றவர்களும் கேட்கலாம்.

உள்ளே வரும்போது முதலில் உங்கள் கண்ணில் பட்டது ஞானஸ்நானத் தொட்டியாக இருந்திருக்கும். அதை வாசலருகே வைத்தது இடம் இல்லாததால் அல்ல. சபைக்குள் நுழையும் வழி அதுதான் என்று நினைவூட்டத்தான். அடுத்து, பிரசங்க பீடத்தில் தொங்கும் துணியில் ஒரு பூச்சின்னம் இருக்கிறதே, பிள்ளைகளே, அது என்ன? (“ரோஜா!”) யாருடைய ரோஜா? (“லூத்தர்!”) சரி. நடுவில் கறுப்புச் சிலுவை, அதைச் சுற்றிச் சிவப்பு இருதயம், அதைச் சுற்றி வெள்ளை ரோஜா, பின்னால் நீலம், வெளியே பொன் வளையம். 1530-ஆம் ஆண்டு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூத்தர் இதன் பொருளைத் தாமே விளக்கினார். சிலுவை கறுப்பாக இருந்தாலும் இருதயம் தன் சிவப்பை இழக்கவில்லை, அது உயிரோடு இருக்கிறது. விசுவாசம் தரும் மகிழ்ச்சிக்கும் சமாதானத்துக்கும் அடையாளம் வெள்ளை ரோஜா. வரப்போகும் பரலோக மகிழ்ச்சிக்கு நீலம். அந்த மகிழ்ச்சிக்கு முடிவில்லை என்பதற்கு வளையம். பாப்பா, உன் வண்ணப் பென்சில் பெட்டியில் இந்த ஐந்து நிறமும் இருக்கும். அடுத்த வாரம் வரைந்து கொண்டு வா.

அடுத்தது ஆராதனை முறைமைப் புத்தகம். முதல் சில வாரங்கள் பக்கம் தேடியே ஆராதனை முடிந்துவிடும். எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருங்கள், போதும். சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்து நிற்பது கிறிஸ்துவே பேசுகிறார் என்ற மரியாதைக்காக. தொடக்கத்திலேயே பாவ அறிக்கை செய்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு இது சற்று இடறலாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்தவுடன் குற்றத்தைச் சொல்லச் சொல்வதா? ஆனால் கவனியுங்கள், மூப்பரும் சொல்கிறார், ஐயரும் சொல்கிறார், நேற்று வந்தவரும் அதே வார்த்தைகளைச் சொல்கிறார். உடனே மன்னிப்பும் எல்லோருக்கும் ஒரே வாக்கில் கூறப்படுகிறது. அதற்குப் பிறகு பெரியவர், சிறியவர் என்று பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

தங்கச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஒவ்வொரு வாரமும் ஒரே வார்த்தைகளா ஆன்ட்டி? சலிக்காதா?” சில நேரம் சலிக்கும், மறைக்க மாட்டேன். இருந்தாலும் நம் சபைப் பாட்டி ஒருவரை நான் கடைசி வருடங்களில் போய்ப் பார்ப்பதுண்டு. நினைவு மங்கிவிட்டது. பெற்ற மகளையே யாரென்று கேட்பார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினால் போதும், உதடுகள் அசையும். விசுவாசப் பிரமாணம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடிப்பார். மற்றதெல்லாம் போனபின்பும் அந்த வார்த்தைகள் அவரிடம் இருந்தன. இன்று சலிப்போடு சொல்வதும் எங்கோ உள்ளே சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் சபையார் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு 1706-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியர்கள், பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றிக் புளூட்சோ. சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. ஊரில் இருந்த டேனிய அதிகாரிகள் அவர்களை வரவேற்க விரும்பவில்லை. மொழி தெரியாது, வெயில் பழக்கமில்லை. புதிதாக வந்த ஒருவரை யாரும் கண்டுகொள்ளாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை நம் திருச்சபையின் முதல் மிஷனரி வந்த முதல் நாளிலேயே அறிந்துகொண்டார்.

பிள்ளைகளே, அவர் தமிழ் கற்ற விதம் உங்களுக்குப் பிடிக்கும். வயதான ஒரு வாத்தியார் தம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேல்நாட்டில் பல்கலைக்கழகத்தில் படித்த சீகன்பால்க் அங்கே சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் உங்கள் வயது. அவருக்கு இந்த மண்ணையும் மொழியையும் அறிமுகம் செய்தவர்கள் ஒரு கிழவரும் சில பிள்ளைகளும். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் ஞாயிறு பள்ளியில் சொல்லியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பட்டம் வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மணலில் எழுதிக் காட்டினால் போதும்.

1707-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலாக ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் யார் தெரியுமா? பட்டணத்துப் பிரமுகர்கள் அல்ல. டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். நம்முடைய சபை வம்சாவளியை எழுதினால் முதல் வரியில் வருகிறவர்கள் அவர்களே. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார், இந்தியாவின் முதல் புரொட்டஸ்டன்ட் இந்தியக் குரு அவரே. நன்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது நேர்மையாகாது. 1718-இல் தரங்கம்பாடியில் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்த ஆலயத்தில் ஆரம்ப காலத்தில் சாதிப்படி தனித்தனி இடங்களில் மக்கள் உட்கார்ந்தார்கள். ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் தனித்தனிப் பாயில் உட்கார்ந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து மலாயாவுக்குத் திருச்சபையைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள். தோட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் வேலைக்கு வந்தவர்கள் வேதப்புத்தகத்தையும் ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கோலாலம்பூரில் ரயில்வேத் தமிழர் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயம் 1924-இல் எழுந்தது. தோட்டங்களில் ஆலயம் ஏது? என் அம்மா சொல்வார்: ஞாயிறன்றும் விடியுமுன் பால் வெட்டப் போய், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, மத்தியானத்துக்குமேல்தான் ஆராதனை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். உபதேசியார் சைக்கிளில் வருவார். மழை வந்தால் வரமாட்டார், அப்போது எழுத்து வாசிக்கத் தெரிந்த யாராவது சங்கீதம் வாசிப்பார்கள். தம்பி, உங்கள் தாத்தாவும் அப்படி ஒரு பாயில்தான் உட்கார்ந்திருப்பார்.

1960-களில் இங்குள்ள தமிழ் லுத்தரன் சபைகள் தனித் திருச்சபையாயின. அதன்பின் தோட்டங்கள் மறையத் தொடங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான்கள் வந்தன. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பட்டணத்தில் ஆளுக்கொரு அடுக்குமாடியில் குடியேறினார்கள். லயத்தில் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அறிமுகம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. குழந்தையை ஆயா கொட்டகையில் விட்டால் மாலைக்குள் அதற்குப் பத்து அத்தைகள். இன்று மின்தூக்கியில் நம்மோடு ஏறுகிறவரின் பெயர் தெரியாது. அந்த நாள் சுகமான நாள் என்று நான் சொல்ல வரவில்லை, அதன் கஷ்டம் பட்டவர்களுக்குத் தெரியும். அந்த ஒன்று மட்டும் அங்கே தானாக நடந்தது. இங்கே நாம்தான் நடத்த வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. லுத்தரன் என்றால் தமிழர் சபை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நம் நாட்டிலேயே சீனர் லுத்தரன் சபைகள் உண்டு. அவசரகாலத்தில் ஏற்பட்ட புதுக்கிராமங்களில் தொடங்கிய ஊழியத்திலிருந்து வளர்ந்தவை பல. சபாவில் ஹக்கா சீனர்கள் கட்டிய பாசல் கிறிஸ்தவ சபை இருக்கிறது, ருங்குஸ் மக்களிடையே வளர்ந்த சபையும் இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய லுத்தரன் சபைகளில் சில எத்தியோப்பியாவிலும் தான்சானியாவிலும் உள்ளன. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். தங்கச்சியின் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

மகன் பிறந்தபோது அவர் கேட்டது இது: பேசவே தெரியாத குழந்தைக்கு எதற்கு ஞானஸ்நானம்? அவன் வளர்ந்து, தானே விசுவாசித்து, தானே கேட்டு எடுக்கட்டுமே? அவர் வளர்ந்த சபை அப்படித்தான் போதிக்கிறது. வேதத்தை நேசிக்கிற மக்கள் அவர்கள், இந்தச் சகோதரியை ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். அந்தக் கேள்வியைக் கேலியாக யாரும் பேசக் கூடாது. இரண்டு மாதம் ஐயரோடும் வீட்டிலும் பேசினார்கள், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். தம்பியும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் நான்தான் முதலில் சண்டைக்குப் போயிருப்பேன்.

நான் சொன்ன பதில் சின்னது. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரன் கதையை அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் படியுங்கள். நடுராத்திரியில் அவனும் அவன் வீட்டார் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். மாற்கு 10-இல் சீஷர்கள் தடுத்தும் இயேசு குழந்தைகளை அணைத்துக்கொண்டார். கையில் ஏந்தி வரப்படும் குழந்தை எதையும் கொண்டுவருவதில்லை. அதற்குச் சம்பளம் இல்லை, குரல்வளம் இல்லை, விசுவாச சாட்சி சொல்லத் தெரியாது. தூங்கும் அல்லது அழும். அப்படியிருக்கும்போதே தேவன் அதைப் பெயர் சொல்லித் தம்முடையதாக்குகிறார். கிருபை என்று பிரசங்கத்தில் கேட்கிறோமே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தத் தொட்டியருகே நின்று பார்க்க வேண்டும். பெரியவர்களாக வருகிறவர்களும் உண்மையில் அந்தக் குழந்தையைப் போலத்தான் வருகிறார்கள், நமக்குத்தான் அது மறந்துவிடுகிறது. லூத்தர் பிறந்தது 1483 நவம்பர் 10, மறுநாளே ஞானஸ்நானம். அன்று பரிசுத்த மார்ட்டின் திருநாள், அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். அதில் ஒரு நிமிஷமும் அவருக்கு நினைவிருந்திருக்காது. ஆனால் பிற்காலத்தில் மனம் கலங்கியபோதெல்லாம், நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதையே பிடித்துக்கொண்டார். தான் என்ன செய்தேன் என்று தேடவில்லை, தனக்கு என்ன செய்யப்பட்டது என்பதை நினைத்தார்.

தங்கச்சி சம்மதித்தார். முழு மனதோடு என்று அவரே சொன்னார். அவருடைய தாயாருக்கு இன்னும் மனவருத்தம் இருக்கிறது. ஆனாலும் பேரனுக்காக அடுத்த ஞாயிறு வருகிறார்.

ஞானஸ்நானத்தோடு வேலை முடிந்துவிடாது. பெற்றோரும் ஞானத்தாய், ஞானத்தகப்பனும் வாக்குக் கொடுக்கிறார்கள். ‘பிள்ளையை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவோம்’ என்பது அந்த வாக்கில் சிறு பகுதிதான். நான் நெடுங்காலம் ஞாயிறு பள்ளி நடத்தியவள், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு: வாரத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்க எந்த ஆசிரியையாலும் முடியாது. லூத்தருக்கும் இது தெரிந்திருந்தது. சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜனங்களுக்கு அடிப்படையே தெரியவில்லையே என்று வருந்தி, 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதை முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகவே அச்சிட்டார்கள். எந்தச் சுவரில்? வீட்டுச் சுவரிலும்தான். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து. ஒவ்வொன்றுக்கும் பின்னால், இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு குழந்தை கேட்பதுபோல ஒரு கேள்வி வரும். எழுதியபோது அவர் வீட்டில் மூன்று வயது நிரம்பாத மகன் ஒருவன் இருந்தான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன், நீங்களும் ஊகியுங்கள். சீகன்பால்கும் இந்தச் சிறு நூலைத் தொடக்க ஆண்டுகளிலேயே தமிழாக்கினார்.

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நெரிசலில் சிக்கி வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். ஒரு மணி நேரக் குடும்ப ஜெபம் நடத்துங்கள் என்று சொன்னால் நாளைக்கே குற்ற உணர்வுதான் மிஞ்சும். லூத்தரே காலை ஜெபத்தையும் மாலை ஜெபத்தையும் மிகச் சுருக்கமாகத்தான் எழுதிவைத்தார். காலையில் ஜெபித்துவிட்டுச் சந்தோஷமாய் வேலைக்குப் போகச் சொன்னார், இரவில் ஜெபித்துவிட்டு உடனே நிம்மதியாய்த் தூங்கச் சொன்னார். பாப்பாவைப் படுக்கவைக்கும்போது பரமண்டல ஜெபம் ஒன்று. சாப்பிடுமுன் ஒரு வரி. அவள் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ஞாயிறன்று ஐயரிடம் சேர்ந்து கேளுங்கள். எந்த மொழியில் என்று கேட்டீர்கள். அவள் கனவு காண்கிற மொழியில் அர்த்தத்தைச் சொல்லுங்கள். ஜெபத்தைத் தமிழிலும் மனப்பாடமாக்குங்கள், பாட்டியோடு சேர்ந்து சொல்ல அது வேண்டும். தமிழ் தெரிந்தால்தான் கிறிஸ்தவர் என்று யாராவது உங்களிடம் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். அதே நேரம், தமிழை விட்டுவிட்டால் நம்மில் பாதிப் பேரோடு அவள் பேச முடியாமல் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சபையாரே, இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன்.

புதியவரைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, “சொந்த ஊர் எது? யார் வீட்டுப் பிள்ளை?” இதில் அன்பு இருக்கிறது. தோட்டத்துப் பழக்கம், உறவு தேடும் பழக்கம். சில வாய்களில் இதே கேள்வி வேறொன்றைத் தேடுகிறது. எந்த ஊர், எந்தத் தெரு, அப்படியானால் எந்தச் சாதி. கடல் தாண்டி மூன்று தலைமுறை ஆனபின்பும், மணப்பேச்சு வரும்போது இது தலையெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இளம் குடும்பங்களுக்கு இது உடனே புரிந்துவிடுகிறது. அவர்கள் வாதாட மாட்டார்கள், வேறு சபைக்குப் போய்விடுவார்கள். தரங்கம்பாடியில் தனித்தனிப் பாய்கள் இருந்தன என்று சொன்னேனே, பாய்களைச் சுருட்டிவிட்டோம். கேள்வியையும் சுருட்டிவிட வேண்டும். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டுப் பழகுங்கள், அதை அடுத்த வாரம் மறக்காமல் இருங்கள்.

அடுத்தது மூப்பர்கள் கவனத்துக்கு. நமக்கு ஆட்கள் போதவில்லை என்பது உண்மை. கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர் உள்ளே வந்தால் போதும், ஆராதனை முடியுமுன் பாடகர் குழுத் தலைவரின் கண் அவர்மேல். கணினி தெரிந்தவர் என்றால் புரொஜெக்டர் பொறுப்பு. மறுமாதம் கட்டட நிதி உறை. இந்தத் தம்பிக்கு நன்றாகவே கணினி வேலை தெரியும், அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நானே சொல்லிவிட்டேன். ஒரு வருடம் விட்டுவிடுங்கள். நான்கு மாதக் குழந்தையிடமிருந்து நாம் ஒன்றும் கேட்பதில்லையே, அந்தக் குழந்தையை இரவெல்லாம் தூக்கிக்கொண்டு நடக்கும் பெற்றோரிடமும் கேட்காதீர்கள். பிறகு அவர்களே கேட்டு வருவார்கள், வராவிட்டாலும் அவர்கள் நம் சபையார்தான்.

குழந்தைச் சத்தம் பற்றி ஒரு வார்த்தை. அழுகை கேட்டதும் திரும்பிப் பார்க்கிறோம். நாம் அன்பாகத்தான் பார்க்கிறோம், தாய்க்கு அது அப்படித் தெரிவதில்லை. நாற்பது தலைகள் ஒன்றாகத் திரும்பினால் யாராக இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். திரும்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பையைப் பிடித்துக்கொள்ளலாம், பெரிய பிள்ளைக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்கலாம். இரண்டு குடும்பங்களிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். அடுத்த ஞாயிறு முதல் அவர்கள் தங்கள் வழக்கமான இடத்தை விட்டுக் கடைசி வரிசைக்குப் போகிறார்கள். முப்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், அவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஞானஸ்நான ஆராதனையில் பெற்றோர் மட்டும் பதில் சொல்வதில்லை, சபையும் சொல்கிறது. இந்தப் பிள்ளைக்காக ஜெபிப்போம், துணை நிற்போம் என்கிறோம். புத்தகத்தில் இருப்பதால் சத்தமாக வாசித்துவிடுகிறோம். அடுத்த வாரம் வாசிக்குமுன், எழுந்து நின்று அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அதற்காகத்தான் பெயரை முன்கூட்டியே சொல்லவைத்தேன்.

இனி அடுத்த ஞாயிறு ஏற்பாடுகள். தங்கச்சியின் தாயார் வருகிறார். அவரிடம் நம் உபதேசம் சரியென்று நிரூபிக்க யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர் வாசலில் இருந்தே அவரோடு கூட இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முறைமைப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுங்கள். அவர் ஜெபத்தில் தேறியவர், மதியச் சாப்பாட்டுக்குமுன் ஜெபிக்க அவரையே கேட்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஏர்கண்டிஷனையும் சற்றுக் குறைத்து வையுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றித் தரையில் உட்காரலாம், உயரமானவர்கள் பின்னால். தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து கொடுப்பது அக்காவின் வேலை, அதாவது இந்தப் பாப்பாவின் வேலை. வெள்ளிக் குடம் கனமானது. பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், அவளுக்கு ஆறு வயதுதான்.